பொய்ச்சாட்சி சொல்லும் கெர்னல்

லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டரில், பேரலல் போர்ட்டில் பிரின்டரை மாட்டி அச்சிடக் கொடுத்தால் சில நேரம் தாள் வராது. கெர்னலின் நிகழ்வுப் பதிவான லாகில் ஒரு வரி மட்டும் வந்து விழும்: 'எல்பி0 ஆன் ஃபயர்'. முதல் பிரின்டர் தீப்பிடித்து எரிகிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தால் புகையும் இருக்காது, தீயும் இருக்காது. மூடி சரியாக மூடாமல் இருக்கும், அல்லது உள்ளே தாள் சிக்கியிருக்கும்.

யூனிக்ஸ் வட்டாரத்தில் பல காலமாகச் சொல்லிச் சிரிக்கிற வரி இது. அது எப்படிப் பிறக்கிறது என்பதை டிரைவரின் நிரலைத் திறந்தே பார்த்துவிடலாம். 25 ஊசிகள் கொண்ட அந்தப் போர்ட்டில், பிரின்டர் தன் நிலைமையைச் சொல்ல இருப்பவை ஐந்தே கம்பிகள். 10-ஆம் ஊசி 'எழுத்து கிடைத்தது' என்று சொல்லும். 11 'வேலையாக இருக்கிறேன்', 12 'தாள் தீர்ந்தது', 13 'இணைப்பில் இருக்கிறேன்', 15 'பிழை'. கம்ப்யூட்டர் பக்கத்தில் இந்த ஐந்தும் ஒரே பைட்டுக்குள் ஐந்து பிட்டுகளாகத் தெரியும். டிரைவர் அந்தப் பைட்டைப் படித்து ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. பிழைக் கம்பி சும்மா இருந்தால் சிக்கல் இல்லை. இல்லையென்றால் முதலில் தாள் கம்பியைப் பார்க்கும். அது உயர்ந்திருந்தால் 'தாள் இல்லை' என்று எழுதும். அடுத்து இணைப்புக் கம்பி; அது இறங்கியிருந்தால் 'இணைப்பில் இல்லை'. இரண்டிலும் குறை இல்லை, ஆனாலும் பிழைக் கம்பி மட்டும் கத்துகிறது என்றால்? காரணத்தைத் தெரிந்துகொள்ள ஆறாவது கம்பி கிடையாது. அந்த இடத்தில்தான் 'ஆன் ஃபயர்' வருகிறது.

வெப்பத்தால் மையைப் பதியவைக்கும் பெரிய அச்சு எந்திரங்களில் தாள் சிக்கினால் கருகிப்போகும் ஆபத்து உண்டு என்பதால் அந்தக் கேலி முழுக்கக் கற்பனையும் அல்ல. ஆனாலும் டிரைவர் பார்த்தது ஒரு பிட்டை. எழுதியதோ ஒரு தீவிபத்தை. கெர்னலில் ஆளைத் தவறான திசைக்கு அனுப்பும் செய்திகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் உருவாகின்றன. நீதிமன்றத்தில் கூண்டேறும் சாட்சியிடம் 'கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்' என்று வக்கீல் மடக்குவாரே, அந்தக் கண்டிப்பு டிரைவர் எழுதுபவர்களுக்கும் தேவைப்படுகிறது.

ஒரு வரிச் செய்திக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? கெர்னல் இருக்கும் இடம் அப்படி. நினைவகம், பிராசசர் நேரம், வட்டு, நெட்வொர்க் என எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது இயங்குதளத்தின் இந்த நடுப்பகுதி. ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடு பேசத் தெரிந்த கெர்னல் துண்டுதான் டிரைவர். சாதாரண ஆப்பில் கோளாறு வந்தால் பிழை தேடும் கருவியான டீபக்கரை மாட்டி வரிவரியாக நிறுத்திப் பார்க்கலாம். கெர்னலை நிறுத்தினால் டீபக்கர் ஓடும் எந்திரமே நின்றுபோகும். இன்னொரு கம்ப்யூட்டரை இணைத்து வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆராய வழி இருக்கிறது. ஆனால் எங்கோ ஒருவர் வீட்டு லேப்டாப்பில், மாதம் ஒரு முறை தலைகாட்டும் கோளாறுக்கு அது உதவாது. அவர் அனுப்பிவைக்கும் லாக் ஒன்றுதான் நிரலாளருக்குக் கிடைக்கும் தடயம்.

அந்த லாகை எழுதுவது 'பிரின்ட்கே' என்ற கெர்னல் செயற்கூறு. அது எழுதும் வரிகள் நினைவகத்தில் வட்டமாகச் சுழலும் ஓர் இடத்தில் சேரும். இடம் நிறைந்ததும் பழைய வரிகளின் மேல் புதியவை எழுதப்படும். 'டிமெசேஜ்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அத்தனையும் திரையில் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் 0 முதல் 7 வரை அவசர நிலை உண்டு. 0 என்றால் எந்திரமே உபயோகமற்றுப் போயிற்று. 7 என்றால் நிரலாளருக்கு மட்டுமான டீபக் செய்தி. 7-ஆம் நிலை பொதுவாக ஊமையாகவே இருக்கும். தேவைப்படும்போது குறிப்பிட்ட ஒரு கோப்பு, ஒரு செயற்கூறு, ஏன் ஒரே ஒரு வரியை மட்டும்கூடப் பேசவைக்கலாம்.

யாரும் அன்றாடம் பார்க்காத வரிகள் என்பதால் அவற்றின் தவறும் யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். டிரைவர் தவறு செய்தால் சாதனம் முரண்டு பிடிக்கும், புகார் வரும். டீபக் செய்தி தவறாக இருந்தால் எல்லாம் ஒழுங்காகவே ஓடும். பின்னொரு நாள் வேறொரு கோளாறைத் தேடி வருபவர்தான் அதில் மாட்டிக்கொள்வார்.

ஊகத்தை உண்மைபோல் எழுதியதற்கு இன்னொரு பேர்போன சான்று, இன்டெல் வகைப் பிராசசர்களுக்கான லினக்ஸ் கெர்னலில் பல ஆண்டுகள் இருந்தது. 'என்எம்ஐ' என்பது பிராசசரால் தள்ளிப்போட முடியாத குறுக்கீடு. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில், நினைவகத்தில் பிழை நேர்ந்தால் அதைச் சொல்வதற்கு இந்தக் கம்பியைத்தான் பயன்படுத்தினார்கள். காரணம் புரியாத என்எம்ஐ வந்துவிட்டால் லினக்ஸ் மூன்று வரி எழுதிவந்தது. முதல் வரி, இனம் தெரியாத குறுக்கீடு வந்தது என்று சொல்லும். இரண்டாவது, விசித்திரமான மின்சேமிப்பு முறை எதையாவது இயக்கி வைத்திருக்கிறீர்களா என்று கேட்கும். மூன்றாவது, தலைசுற்றிக் குழம்பிப் போயிருந்தாலும் தொடர்ந்து ஓட முயல்வதாகச் சொல்லும்.

முதல் வரி கண்டதைச் சொல்கிறது. மூன்றாவது தன் நிலையைச் சொல்கிறது. நடுவில் இருந்த கேள்விதான் ஆளைக் குழியில் தள்ளுவது. அதைப் படித்தவர் பயாஸ் திரைக்குப் போய் மின்சேமிப்பு அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார். பழுது நினைவகத்திலோ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலோ இருக்கும். மின்சேமிப்புக்கும் அந்தக் குறுக்கீட்டுக்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. 2022-இல் ஒரு பேட்ச், அதாவது நிரலில் செய்யும் ஒரு திருத்தம், அந்த நடு வரியை நீக்கியது. 386 பிராசசர் காலத்து எச்சம், இன்றைக்குப் பயனில்லாமல் வழிதவறச் செய்கிறது என்பதே அதற்குச் சொன்ன காரணம். திருத்தம் என்று பார்த்தால் ஒரு வரியை அழித்ததுதான்.

ஊகம் மட்டுமல்ல, கட்டளையும் கண்டதுபோல் வேடம் போடும். டிரைவர் சாதனத்தின் ரெஜிஸ்டரில் 'ரீசெட் ஆகு' என்று எழுதுகிறது. அடுத்த வரியிலேயே 'சாதனம் ரீசெட் ஆனது' என்று லாகில் பதிகிறது. ஆனதா? சாதனங்களை இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் எழுதும் மதிப்புகள் உடனே சாதனத்தைச் சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. இடையில் இருக்கும் பாலச் சில்லுகள் அவற்றைக் கொஞ்ச நேரம் தம்மிடமே வைத்திருந்து பிறகு அனுப்பலாம். அதே சாதனத்திலிருந்து எதையாவது திரும்பப் படித்தால்தான், முன்பு எழுதியவை எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன என்பது உறுதியாகும். அப்படிப் படிக்காத டிரைவர் 'ஆனது' என்று பதியும் நொடியில், கட்டளை வழியிலேயே நின்றுகொண்டிருக்கக்கூடும். சேர்ந்த பிறகும் சாதனம் அதை நிறைவேற்றியதா என்பது தனிக் கேள்வி. நிலை காட்டும் ரெஜிஸ்டரைப் படித்து அந்த மதிப்பையும் சேர்த்து எழுதுவதே முறையான திருத்தம். அதற்கு மனமில்லை என்றால் 'ரீசெட் கட்டளை கொடுக்கப்பட்டது' என்றாவது வாசகத்தை மாற்ற வேண்டும்.

இந்தத் தவறு மென்பொருளுக்கு மட்டும் சொந்தமானதல்ல. 1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தின் இரண்டாவது உலையில் அழுத்தம் தணிக்கும் வால்வு ஒன்று திறந்தது. வேலை முடிந்து மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. ஊழியர்கள் வால்வு மூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கோ வால்வின் நிலையைப் பார்த்து எரியவோ அணையவோ இல்லை. வால்வைத் திறக்கும் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை மட்டுமே காட்டியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலைக்கருவில் ஏறத்தாழப் பாதி உருகிப்போனது. விபத்துக்குக் காரணங்கள் பல. கட்டளையை நிலைமையாகக் காட்டிய அந்த விளக்கு அவற்றில் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது.

கெர்னல் தான் கேள்விப்பட்டதை அப்படியே நம்புவதும் உண்டு. மெய்நிகர் கணினி ஒன்றைத் தொடங்கும்போது, 'எஃப்டி0' என்ற பிளாப்பியில் படிக்க முடியவில்லை என்று கெர்னல் புலம்புவதைச் சர்வர் நிர்வாகிகள் பலர் பார்த்திருப்பார்கள். அங்கே பிளாப்பியும் இல்லை, பிளாப்பி டிரைவும் இல்லை. அந்தக் கணினியின் பயாஸ் 'பிளாப்பி டிரைவ் உண்டு' என்று சொல்கிறது. கெர்னல் அதை அப்படியே ஏற்று, இல்லாத வட்டின் முதல் செக்டாரைப் படிக்கப் போய்த் தோற்கிறது. லாகை மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு ஏதோ ஒரு வட்டு செத்துவிட்டதுபோலத் தெரியும்.

சில செய்திகளில் தவறு வாசகத்தில் இல்லை, கையிருப்பில் இருக்கும் சொற்கள் போதாததில் இருக்கிறது. கெர்னல் தன் தோல்விகளை ஆப்களுக்கு எண்ணாகச் சொல்கிறது. 5 என்றால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, 12 என்றால் நினைவகம் போதவில்லை, 28 என்றால் சாதனத்தில் இடமில்லை. பட்டியல் சிறியது, நேரும் தோல்விகளோ ஏராளம். ஒரே யுஎஸ்பி ஹப்பில் இரண்டு வெப்கேமராக்களை மாட்டி இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால், இரண்டாவது கேமரா 'சாதனத்தில் இடமில்லை' என்று சொல்லி நிற்கும். உண்மையில் பற்றாமல் போனது யுஎஸ்பி பஸ்ஸின் கொள்ளளவு. அதைச் சொல்லத் தனி எண் இல்லாததால் 28 வந்து நிற்கிறது. கோப்புகளில் மாற்றம் நிகழ்கிறதா என்று கண்காணிக்கும் 'ஐநோட்டிஃபை' வசதியிலும் இதே கதை. ஒரு பயனாளர் வைத்துக்கொள்ளக்கூடிய கண்காணிப்புகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. நிரல் எழுதும் எடிட்டர்கள் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கவனிப்பதால் அந்த வரம்பைச் சுலபமாகத் தொட்டுவிடும். அப்போதும் வருவது அதே 28. விவரம் அறியாதவர் வட்டில் பாதிக்குமேல் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைப்பார். சிலர் பழைய படங்களை அழிக்கவும் தொடங்குவார்கள்.

எண்களை அச்சிடும் விதத்திலேயே ஏமாறும் வகை ஒன்று இருக்கிறது. நெட்வொர்க் டிரைவர் எழுதுபவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. இணையத்தில் வலைப்பக்கங்களுக்கான போர்ட் எண் 80. இரண்டு பைட் அளவுள்ள அந்த எண் கம்பியில் பயணிக்கும்போது பெரிய இடமதிப்புள்ள பைட் முதலில் வரும்: முதலில் 0, அடுத்து 80. இன்டெல் வகைப் பிராசசரோ சிறிய இடமதிப்பு முதலில் என்று படித்துப் பழகியது. திருப்பிப் போடாமல் அப்படியே அச்சிட்டால், 80-ஐ 256-ஆல் பெருக்கி 20480 என்று காட்டும். டிரைவர் உள்ளே எண்ணைச் சரியாகவே கையாண்டிருக்கலாம்; டீபக் வரியில் மட்டும் திருப்ப மறந்திருப்பார்கள். லாகைப் பார்ப்பவர் '20480-ஆம் போர்ட்டுக்கு யார் பேசுகிறார்கள்' என்று ஊடுருவலைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்.

எதிர்ம எண்ணிலும் இந்தக் கூத்து நடக்கும். கெர்னல் செயற்கூறுகள் தோற்கும்போது பிழை எண்ணின் முன் கழித்தல் குறி போட்டுத் திருப்பித் தரும். தவறான அளவுரு என்பதற்கு −22. அதை 32 பிட் குறியற்ற எண்ணாக அச்சிட்டால் 4294967274 வரும். 'படித்த பைட்டுகள்' என்ற தலைப்பின் கீழ் அது வந்தால், ஒரு நொடியில் 4 ஜிபி படித்துவிட்ட அதிசய சாதனமாகத் தெரியும்.

இவற்றைப் பிடிக்கக் கருவிகள் வந்துவிட்டன. அச்சிடும் வடிவமும் கொடுத்த மதிப்பின் வகையும் பொருந்துகின்றனவா என்று கம்பைலரே பார்த்து எச்சரிக்கிறது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் எழுதத் தொடங்கிய 'ஸ்பார்ஸ்' என்ற கருவி, பைட் வரிசை மாற்ற மறந்த இடங்களைக் கண்டுபிடிக்கும். அதற்கு அந்த மாறிகளை நெட்வொர்க் வரிசை எண் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். ஐபி முகவரிக்கும் மேக் முகவரிக்கும் பிரின்ட்கேயில் தனி வடிவங்கள் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் வரிசைக் குழப்பத்துக்கே இடமில்லை. −22 என்ற எண்ணுக்குப் பதிலாக அதன் பெயரையே அச்சிடும் வடிவம் கெர்னலின் 5.5-ஆம் பதிப்பில் சேர்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் கெர்னல் வேண்டுமென்றே உண்மையை மறைக்கிறது. நினைவக முகவரிகளை லாகில் வெளிப்படையாக எழுதினால், தாக்க வருபவருக்கு வரைபடம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் 2018 ஜனவரியில் வெளியான 4.15-ஆம் பதிப்பிலிருந்து, வழக்கமான முகவரி வடிவம் உண்மையான முகவரியை அச்சிடுவதில்லை. அதை உருமாற்றி வேறோர் எண்ணாகத் தருகிறது. எந்திரத்தை மறுபடி தொடங்கும்வரை ஒரே முகவரி ஒரே உருவில் வருவதால், இரண்டு வரிகளும் ஒரே பொருளைப் பற்றியவையா என்று ஒப்பிடலாம். ஆனால் அந்த எண்ணை நம்பி நினைவகத்தில் தேடப் போனால் ஒன்றும் கிடைக்காது. இந்த மாற்றம் தெரியாமல் பழைய பழக்கத்தில் லாகைப் படிப்பவர், முகவரிகள் ஏன் ஒத்துவரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

காலத்தால் பொய்யாகும் வரிகளும் உண்டு. நிரலாளர் ஒருவர் செயற்கூறின் பெயரைச் செய்திக்குள்ளேயே கையால் தட்டச்சு செய்து வைப்பார். சில ஆண்டுகள் கழித்து இன்னொருவர் அந்தச் செயற்கூறுக்குப் பெயர் மாற்றுவார், அல்லது அதை இரண்டாகப் பிரிப்பார். மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரைக் கம்பைலர் கண்டுகொள்ளாது. செய்தி மட்டும் இல்லாத செயற்கூறின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கும். தரவை அனுப்பும் நிரலை எழுதிவிட்டு, பெறுவதற்கு அதையே நகலெடுத்து ஒட்டும்போதும் செய்தி இப்படிப் பொய்யாகும்: பெறும் பக்கத்தில் தோல்வி, லாகில் 'அனுப்ப முடியவில்லை'. பேட்ச்களைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' என்ற ஸ்கிரிப்ட், செய்திக்குள் செயற்கூறின் பெயர் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தால் கண்டிக்கும். பெயரைத் தானாக நிரப்பிக்கொள்ளும் முறைக்கு மாறச் சொல்லும்.

லினக்ஸ் கெர்னலின் நிரல் நடைக் கையேட்டிலும் இதற்கென்று விதிகள் இருக்கின்றன. செய்திகள் சுருக்கமாக, தெளிவாக, இருபொருள் படாமல் இருக்க வேண்டும். எழுத்துப் பிழை கூடாது. வரி எவ்வளவு நீளமானாலும் செய்தியை நடுவில் உடைத்து இரண்டு வரியாக எழுதக் கூடாது. லாகில் கண்ட வாக்கியத்தை அப்படியே நிரலில் தேடுபவருக்கு அது ஒரே தேடலில் அகப்பட வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

வாசகம் சரியாக இருந்தாலும் எண்ணிக்கை ஏமாற்றலாம். ஒரே பிழை மீண்டும் மீண்டும் வந்து லாகை நிரப்பிவிடாமலிருக்க, பல டிரைவர்கள் கட்டுப்படுத்தும் வசதியைப் பயன்படுத்துகின்றன. அதன் இயல்பான அளவு 5 நொடிக்கு 10 செய்திகள். லாகில் பத்து வரி இருந்தால் பிழையும் பத்துதான் என்று கணக்குப் போட முடியாது. அடக்கப்பட்டவை எத்தனை என்று பின்னால் வரும் ஒற்றை வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எழுதுவதே கோளாறை மறைத்துவிடும் விந்தையும் நடக்கிறது. சீரியல் போர்ட் வழியாக லாகை வெளியே அனுப்பும் எந்திரத்தில், வேகம் நொடிக்கு 115200 பிட் என்று வைத்துக்கொள்வோம். ஓர் எழுத்துக்கு 10 பிட் செலவாகும். 80 எழுத்து வரி ஒன்று வெளியேற ஏறக்குறைய 7 மில்லிநொடி பிடிக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் அதற்குள் இரண்டு கோடி சுழற்சிகளைத் தாண்டியிருக்கும். இரண்டு பிராசசர் கோர்கள் ஒரே தரவுக்கு முட்டிக்கொள்வதால் வரும் கோளாறைத் தேட டீபக் வரி ஒன்றைச் சேர்த்தால், அந்தத் தாமதமே இரண்டையும் விலக்கிவிட்டுவிடும். வரியை எடுத்தால் கோளாறு வரும், சேர்த்தால் போய்விடும். பிரின்ட்கேயின் இந்த நிதானம் பெரிய வேலை ஒன்றையும் தாமதப்படுத்தியது. குறித்த நேரத்துக்குள் பதில் தர வேண்டிய ரியல்டைம் பணிகளுக்கான மாற்றங்கள் சுமார் இருபது ஆண்டுகள் லினக்ஸுக்கு வெளியே தனிப் பேட்ச்களாக இருந்தன. அவை 2024 நவம்பரில் வெளியான 6.12-ஆம் பதிப்பில்தான் முழுமையாக உள்ளே வந்தன. கடைசித் தடையாக நின்றது பிரின்ட்கே. செய்தி எழுதும் வேலைக்காக மற்ற அவசரப் பணிகள் காத்திருக்கக் கூடாது என்று அதை மாற்றியமைத்த பிறகே கதவு திறந்தது.

இப்படிப்பட்ட செய்திகளைத் திருத்தும் பேட்ச்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிகளைத் தாண்டாது. ஆனாலும் ஒழுங்கான பேட்சில் மாற்றத்தைவிட விளக்கம் நீளமாக இருக்கும். பழைய செய்தி எப்போது வரும், அப்போது உண்மையில் நடந்தது என்ன, படிப்பவர் எதை நினைத்து ஏமாறுவார், தவறு எந்தப் பழைய மாற்றத்தில் நுழைந்தது என்பதையெல்லாம் எழுதியாக வேண்டும். அந்தப் பழைய மாற்றத்தைச் சுட்டிக்காட்டத் தனிக் குறிப்பு வரியே வைத்திருக்கிறார்கள்.

திருத்துவதிலும் ஒரு சங்கடம் காத்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சர்வர்களை நடத்தும் நிறுவனங்கள் கெர்னல் லாகை மனிதரை வைத்துப் படிப்பதில்லை. குறிப்பிட்ட வாசகம் வந்தால் எச்சரிக்கை எழுப்பும்படி நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். கெர்னல் செய்திகளின் வாசகம் மாறாமல் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ஒருவர் நல்லெண்ணத்தோடு வாசகத்தைச் சரிசெய்தால், எங்கோ ஒரு கண்காணிப்பு நிரல் அந்தப் பிழையைப் பார்க்காமல் விட்டுவிடும். விட்டுவிட்டது என்பதும் வெளியே தெரியாது. இதற்காகவே 2021-இல் வெளியான 5.15-ஆம் பதிப்பில் 'பிரின்ட்கே இன்டெக்ஸ்' சேர்க்கப்பட்டது. கெர்னலுக்குள் இருக்கும் செய்தி வடிவங்களை, அவை எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கின்றன என்ற விவரத்தோடு அது பட்டியலிடும். புதுப் பதிப்பை நிறுவும் முன் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த வாசகம் மாறியது, எது காணாமல் போனது என்பது தெரிந்துவிடும். கண்காணிப்பு நிரலையும் அதற்கேற்ப அன்றைக்கே மாற்றிவிடலாம்.